கண்ணைப் பற்றிக் கேளுங்கள்: படபடவென்று கொட்டுவது பரம்பரையா?

சென்ற இதழில் கண் வறட்சி பற்றி எழுதும்போது, "வீட்டில் ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை முறை கண் கொட்டுகிறார் என்று, அவருக்குத் தெரியாமல் எண்ணிப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான். மாமியாரை எண்ணியிருக்கிறார்கள், பேரப்பிள்ளையை எண்ணியிருக்கிறார்கள், வகுப்பில் பாடம் நடக்கும்போது ஆசிரியரையே எண்ணியிருக்கிறான் ஒரு மாணவன். கும்பகோணத்தில் கண் பரிசோதனை அறையில் 31 வருடம் உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் இமையை எண்ணிக்கொண்டே இருந்தவள் நான். எனக்கு இதைவிட மகிழ்ச்சியான தபால் வந்ததில்லை. சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் மாமனார், கணவர், எட்டு வயது மகன் மூன்று பேருமே படபடவென்று கண் கொட்டுவார்கள். நீங்கள் சொன்னபடி எண்ணினேன். கணவர் 34, மகன் 22. என்னைக் கணவர் எண்ணியதில் 9தான். "எங்க வம்சமே அப்படித்தான்" என்கிறார் மாமியார். கண் கொட்டுவதுகூடவா பரம்பரையாக வரும்?
— வாசகி, ராஜபாளையம்

முதலில் நான் உங்களை ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எண்ணியபோது கணவர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் எண்ணியபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

இத்தாலியில் 150 பேரிடம் எண்ணி 1997-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 17 முறை கண் கொட்டினார்கள். பேசும்போது 26. படிக்கும்போது நாலரை. ஆளும் அதே ஆள், கண்ணும் அதே கண். செய்கிற காரியம் மாறியதும் எண்ணிக்கை ஐந்து மடங்கு, ஆறு மடங்கு ஏறி இறங்குகிறது. உங்கள் கணவர் போனில் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூன்று நாள் எண்ணுங்கள். மகனுக்கும் அதே மாதிரி.

அப்படி எண்ணினாலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சிலர் எப்போதும் அதிகம், சிலர் எப்போதும் குறைவு. கண் காய்வதால்தான் கொட்டுகிறோம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். அதை மாற்றியது தினமும் செய்த ஒரு சோதனை. ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்னத் தாள் ஒன்றைக் கண்ணின் ஓரத்தில் தொட்டு எடுப்போம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் நீல ஒளியைப் போட்டால் கருவிழி மேல் பச்சையாக ஒரு படலம் பளபளக்கும். "கொட்டாம இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பச்சையில் முதல் கரும்புள்ளி விழும்வரை நொடிகளை எண்ண வேண்டும். நல்ல கண்ணில் பத்து நொடி வரையாவது படலம் உடையாமல் நிற்கும். அதே ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் மூன்று நாலு நொடிக்கு ஒருமுறை கொட்டிக்கொண்டிருப்பார். பத்து நொடி தாங்குகிற கண்ணை எதற்கு மூன்று நொடிக்கு ஒருமுறை மூட வேண்டும்?

எடின்பரோவில் பாண்டர், கென்னடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1927-லேயே இதைக் கேட்டார்கள். இமையின் இந்தத் தாளம் கண்ணின் மேற்பரப்பிலிருந்து வருவதில்லை, மூளைக்குள்ளிருந்து வருகிறது என்று முடிவு கட்டினார்கள். பச்சைக் குழந்தையைப் பார்த்தாலே இது விளங்கும். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் கொட்டும். வளர வளரத்தான் எண்ணிக்கை ஏறுகிறது.

மூளையின் ஆழத்தில் நம் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் நரம்புத் திரள்கள் இருக்கின்றன. அங்கே டோபமின் என்கிற வேதிப்பொருளுக்குப் பெரிய வேலை. டோபமின் வற்றிப்போகும் நோயில் இமை மந்தமாகிறது. அதனால் டோபமினை ஏற்கும் புரதத்துக்கான மரபணு, டோபமினைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு ஆகியவற்றின் வகைகளோடு கண் கொட்டும் எண்ணிக்கையையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்காக, அதிகமாகக் கொட்டுகிறவருக்கு டோபமின் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆரோக்கியமானவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அப்படி நேரான கணக்கு கிடைக்கவில்லை. "இந்தக் குடும்பத்துக்கு நிமிடத்துக்கு முப்பது" என்று எழுதிவைத்த ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. உயரம் மாதிரிதான் இதுவும். பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக இழுக்கின்றன. சாப்பாடும் வளர்ப்பும் உயரத்தை மாற்றுகிற மாதிரி இதையும் வேறு பல மாற்றுகின்றன.

பரம்பரையா, வளர்ப்பா என்று பிரித்துப் பார்க்க இரட்டையர்கள்தான் நமக்குக் கிடைத்த வரம். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் அப்படியே ஒன்று. இரண்டு கருவில் உருவான இரட்டையர் சாதாரண அக்கா தங்கை மாதிரிதான், பாதி ஒற்றுமை. இரண்டு வகையும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே சாப்பாட்டில் வளர்கிறார்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட ஒத்துப்போனால் அந்த ஒற்றுமையில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. லண்டனில் வெகுகாலமாக நடந்துவரும் இரட்டையர் பதிவேட்டில் இருக்கும் பெண்களிடம் கண் வறட்சியை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். வறட்சியின் அறிகுறிகளில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 30 சதவீதமும், டாக்டர் உறுதி செய்த வறட்சி நோயில் சுமார் 40 சதவீதமும் மரபால் வருவது என்று கணக்கு வந்தது. ஓர் இமைப்புக்கும் அடுத்த இமைப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் அவர்கள் அளந்தார்கள். அதிலும் மரபின் பங்கு இருந்தது.

இமைப்பில் வேறு வகைகளும் உண்டு. டப்பென்று ஒரு சத்தம் கேட்டால் திடுக்கிட்டு மூடுகிறோமே, அதை இரட்டையரிடம் அளந்தபோதும் ஒரு கரு இரட்டையர்தான் அதிகம் ஒத்துப்போனார்கள். மணியொலியைக் கேட்கச் செய்து உடனே கண்ணில் மெல்லக் காற்றை ஊதி, சில நேரம் கழித்து மணியொலிக்கே கண் மூடிக்கொள்ளும்படி பழக்குவார்கள். அப்படிப் பழகுவதிலும் மரபுக்குப் பங்கு இருப்பதை 1999-ல் வந்த ஓர் இரட்டையர் ஆய்வு காட்டியது.

ஆக, உங்கள் மாமியார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் முழுவதும் வம்சத்தின் தலையில் போட முடியாது. உங்கள் கணவர் ஏ.சி. அறையில் வேலை பார்க்கிறாரா, காண்டாக்ட் லென்ஸ் போடுகிறாரா, கண்ணில் அரிப்பு உண்டா என்பதையெல்லாம் பாருங்கள். 34 அதிகம்தான். கண் உறுத்தினால் ஒரு முறை காட்டிவிடுங்கள். உறுத்தல் இல்லை, சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் அது அவருடைய வாகு. உங்கள் 9 உங்களுடையது. அடுத்தவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அவரவருடைய பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மகனுடைய 22-ஐ இந்த வருடக் காலண்டரில் தேதியோடு குறித்து வையுங்கள். என்றைக்காவது உதவும்.

மகளுக்கு ஏழு வயது. இரண்டு மாதமாகக் கண்ணை இறுக்கி இறுக்கிக் கொட்டுகிறாள். பள்ளியில் "வகுப்பில் முகத்தைக் கோணுகிறாள்" என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். வீட்டில் அவள் அப்பா "கொட்டாதே, கொட்டாதே" என்று அதட்டுகிறார். ஆனால் அவரும் சின்ன வயதில் இப்படிச் செய்தாராம், பாட்டி சொல்கிறார். ரத்தத்தில் வருகிற வியாதியா?
— வாசகி, திண்டுக்கல்

அதட்டுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

இப்படிக் குழந்தைகளை மடியில் தூக்கிக்கொண்டு வந்த எத்தனையோ அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் கண்ணில் நீரோடு வருவார்கள். அமெரிக்காவில், அளவுக்கு மீறிக் கண் கொட்டுகிறார்கள் என்று அழைத்துவரப்பட்ட 99 குழந்தைகளை ஒருவர் விடாமல் பரிசோதித்து 2001-ல் வெளியிட்டார்கள். அதிகம் பேருக்கு இருந்தது இமையிலோ கருவிழியிலோ உள்ள சாதாரணத் தொந்தரவு: அலர்ஜி, உள்பக்கம் மடங்கிய இமைமுடி, இப்படி. அடுத்த பெரிய கூட்டம் பழக்கமாக வரும் இமைத் துடிப்பு, ஆங்கில மருத்துவத்தில் 'டிக்' என்பார்கள். அதற்கடுத்து கண்ணாடி போடாத பவர் குறை, அவ்வப்போது வெளிப்பக்கம் விலகும் மாறுகண். பார்வையைப் பறிக்கும் பெரிய நோய் அந்த வரிசையில் முன்னால் இல்லை.

அதனால் முதல் வேலை கண் பரிசோதனை. இமையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அலர்ஜி உள்ள குழந்தைக்கு மேல் இமையின் உள்பக்கம் சிறு சிறு கொப்புளங்கள் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்க்க வேண்டும். வீட்டில் அவள் கண்ணைத் தேய்க்கிறாளா, வெயிலில் ஒரு கண்ணை மட்டும் மூடுகிறாளா என்று கவனித்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்பார்.

எல்லாம் சரியாக இருந்தால் டிக்காக இருக்கலாம். டிக்குகளில் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது இந்தக் கண் கொட்டல்தான். இதில் மரபின் பங்கு பெரிது. அப்பாவுக்கு இருந்தது மகளுக்கு வருவது நாங்கள் அடிக்கடி கண்டது. ஆனால் வருவது நோய் அல்ல, அந்தப் பக்கம் சாய்கிற ஓர் இயல்பு. பல குழந்தைகளுக்குச் சில வாரம், சில மாதம் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும். சிலருக்குப் போய்ப் போய்த் திரும்பி வரும், பெரியவர்களாகும்போது தணியும். தும்மலை அடக்குவதுபோல் குழந்தை இதைக் கொஞ்ச நேரம் அடக்கலாம். உள்ளே முட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் சேர்த்து வைத்து வெளியே வரும். "கொட்டாதே" என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவளுடைய கவனத்தை அதே இடத்துக்குத்தான் இழுத்து வைக்கிறோம். பள்ளிக்கும் இதை எழுதி அனுப்புங்கள். "வேண்டுமென்று செய்வதில்லை, கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்று இரண்டு வரி போதும்.

கண் கொட்டலோடு தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது, காரணமில்லாமல் ஒலி எழுப்புவது என்று சேர்ந்துகொண்டு ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். கொட்டும்போது பேச்சு நின்று, கூப்பிட்டாலும் கேட்காமல் சில நொடி வெறித்தால் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.

அவள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த வயதில் அவரை யாராவது அதட்டியிருந்தால் அது அவருக்கு இன்னும் நினைவிருக்கும். மகளிடம் உட்கார்ந்து "எனக்கும் இப்படி வந்தது, போயிடுச்சு" என்று அவர் சொன்னால், எந்த மருந்தையும்விட அது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

அப்பாவுக்கு 66 வயது. ஒரு வருடமாக "தாத்தா முறைக்கிறார்" என்று என் மகன் அவர் பக்கத்தில் போகவே பயப்படுகிறான். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எண்ணினேன். நிமிடத்துக்கு மூன்றுதான். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் சிலை மாதிரி பார்ப்பாராம். குடும்ப வாகு என்று விட்டுவிடலாமா?
— வாசகர், திருவாரூர்

விட்டுவிடக் கூடாது தம்பி. உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். இருந்தாலும் இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

என் அப்பா பொற்கொல்லர். வாசல் திண்ணையை ஒட்டிய சின்ன அறைதான் பட்டறை. பொடி வைத்து ஊதும்போது ஊதுகுழல் வாயில் இருக்கும், தீ நாக்கு தோட்டின் மேல் நிற்கும், அவர் கண் கொட்டவே கொட்டாது. எங்கள் வீட்டில் அத்தைகளுக்கும் எனக்கும் அதே கண். நாலாம் வகுப்பில் ஓர் ஆசிரியை, "என்ன முறைக்கிறே?" என்று என் கையில் அடித்தார். அழுதுகொண்டு வந்தபோது அப்பா சொன்னார், "நம்ம வீட்டுக் கண்ணு அப்படித்தாம்மா, அவங்களுக்குத் தெரியல." எனக்கு அந்த வார்த்தை பெரிய பெருமையாக இருந்தது.

பல வருடம் கழித்து அம்மா என்னிடம் சொன்னார், "அப்பா இப்பெல்லாம் கண்ணே கொட்ட மாட்டேங்கிறார்டி." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நம்ம வீட்டுக் கண்ணு அப்படித்தானேம்மா." தினமும் அறுபது பேர் இமையைப் பார்க்கிறவள் நான். அப்பா கணக்கு நோட்டில் எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. வரி ஆரம்பத்தில் கடுகு அளவு இருந்தது கடைசியில் எள் அளவுக்கு வந்துவிடும். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு தீபாவளிக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் முகம் மட்டும் அசையாமல் இருந்தது. அப்போதுதான் கையில் வாட்சைக் கழற்றி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து எண்ணினேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரண்டு. அவருடைய பழைய எண்ணிக்கை என்ன? ஆயிரக்கணக்கானவர்களை எண்ணிய நான் என் அப்பாவை அதற்குமுன் ஒருமுறைகூட எண்ணியதில்லை. நரம்பியல் மருத்துவர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார், விரலைத் தட்டச் சொல்லிப் பார்த்தார். பார்க்கின்சன். கை நடுக்கம் அதுவரை வரவே இல்லை. எல்லோருக்கும் நடுக்கத்தோடுதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்லை.

பார்க்கின்சனில் டோபமினைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. நடை, எழுத்து, முகபாவம், இமை எல்லாமே மெதுவாகின்றன. முகம் முகமூடி மாதிரி ஆகிவிடுவதால் பார்க்கிறவர்களுக்குக் கோபமாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே அவர் அதே மனிதர்தான். உங்கள் மகனிடம் அதைச் சொல்லிக் கொடுங்கள், தாத்தா முறைக்கவில்லை, அவர் இமை மெதுவாகிவிட்டது என்று. என் அப்பாவுக்கு, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை ஆரம்பித்து சில வாரம் கழித்து எண்ணியபோது ஒன்பது வந்தது. அன்றைக்கு அம்மாவிடம் போய் அந்த எண்ணைச் சொன்னேன், அம்மா அழுதுவிட்டார்.

உங்கள் அப்பாவுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கண் விரிந்து, கொட்டுவது குறையும். வியன்னாவின் கண் மருத்துவர் ஸ்டெல்வாக் கவனித்துச் சொன்னதால் அதற்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகளாலும் குறையலாம். ரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் இதைப் பிரித்துக் காட்டிவிடும். போகும்போது அவருடைய பழைய கையெழுத்து ஒன்றையும் புதுக் கையெழுத்து ஒன்றையும் எடுத்துப் போங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாண வீடியோ இருந்தால் அதில் அவர் வரும் இடத்தில் எண்ணுங்கள். என்னிடம் அப்படி ஒரு வீடியோ இல்லை.

கொள்ளுத்தாத்தா விஷயம். பார்க்கின்சன் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது குடும்ப நோயாக வருவதில்லை. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அப்படி ஓர் இத்தாலியக் குடும்பத்தில்தான் 1997-ல் இதற்கான முதல் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். கொள்ளுத்தாத்தாவைப் பற்றித் தெரிந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். அதை வைத்து உங்களைப் பற்றி நீங்களே பயந்துகொள்ள வேண்டாம்.

என் தங்கை குழந்தைக்கு மூன்று மாதம். பால் குடிக்கும்போதெல்லாம் இடது மேல் இமை துள்ளித் துள்ளி மேலே போகிறது. மற்ற நேரத்தில் அந்தக் கண் கொஞ்சம் சொருகியிருக்கிறது. கண் சிமிட்டுகிறது என்று எல்லோரும் ரசிக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
— வாசகி, நாகர்கோவில்

நீங்கள் கவனித்தது சரி. இதை லண்டன் கண் மருத்துவர் மார்கஸ் கன் 1883-ல் முதலில் விவரித்து எழுதினார். பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பது பால் கொடுக்கும் தாயோ பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவோதான்.

தாடையை அசைக்கும் நரம்புக்குள் போக வேண்டிய இழைகள் சில, கரு வளரும்போது வழி மாறி, மேல் இமையைத் தூக்கும் தசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. குழந்தை சப்பும்போது தாடைக்குப் போகும் கட்டளை இமைக்கும் போய்விடுகிறது. அவ்வளவுதான். வலி கிடையாது. பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது, சில குடும்பங்களில் மட்டும் தொடர்ந்து வந்திருக்கிறது. தங்கையோ அவர் கணவரோ தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது துள்ளலைப் பற்றி அல்ல, சொருகலைப் பற்றித்தான். சொருகிய இமை பார்வையை மறைத்தால் அந்தக் கண் பார்க்கப் பழகாமல் சோம்பிவிடும். சோம்பேறிக் கண்ணைச் சின்ன வயதில் திருத்துவது சுலபம், பெரிதானபின் கஷ்டம். அதனால் குழந்தைக் கண் மருத்துவரிடம் இப்போதே காட்டி, அவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போங்கள். பால் குடிக்கும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போனால் டாக்டருக்கு வேலை பாதி முடிந்தது.

வெயிலுக்கு வந்தவுடன் எனக்கு இரண்டு தும்மல், கண் இறுக மூடிக்கொள்ளும். என் அம்மாவுக்கும் அதே இரண்டு. நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்.
— வாசகர், ஓசூர்

நம்பச் சொல்லுங்கள். பளிச்சென்ற ஒளி பட்டதும் தும்மல் வருவது பரம்பரையாக வருகிற ஒன்று. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், அதாவது உங்கள் குழந்தைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாலைந்து பேரில் ஒருவருக்காவது இது இருக்கிறது. 2010-ல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுவை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, இரண்டாவது குரோமோசோமில் இதோடு சேர்ந்துவரும் ஓர் இடத்தைக் காட்டியது. ஃபிரான்சிஸ் பேக்கன் 17-ஆம் நூற்றாண்டில் கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் தும்மல் வருவதில்லை என்று சோதித்து எழுதினார். சமாச்சாரம் கண் வழியாகத்தான் போகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. சுரங்கப் பாதையிலிருந்து பைக்கில் வெளியே வரும்போது மட்டும் கவனமாக இருங்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டால் பெரிதும் குறையும்.

எங்கள் உயிரியல் ஆசிரியரை நான் எண்ணினேன், பாடம் நடத்தும்போது 31. மீன் கண் கொட்டாது என்று அவர் சொன்னார். அப்படியானால் கண் கொட்டுவது எப்போது ஆரம்பித்தது?
— மாணவர், சிதம்பரம்

பாடம் நடத்துவது பேசுவதுதானே, 31 வியப்பில்லை. அவர் தாளைத் திருத்தும்போது ஒருமுறை எண்ணிப் பார்.

மீன் கொட்டாது என்று அவர் சொன்னது பெரும்பாலும் சரி. தண்ணீரே கண்ணைக் கழுவிவிடுவதால் அதற்கு இமை தேவைப்படவில்லை. ஆனால் நீ இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிச்சாவரத்துச் சதுப்பில் நீர் வற்றும்போது சேற்றின் மேல் தாவித் தாவிப் போகும் மீன்களைப் பார்த்திருப்பாய். தலைக்கு மேல் துருத்திக்கொண்டு இரண்டு கண். அந்த வகை மீன்கள் கண் கொட்டும். நம் மாதிரி இமை கீழே வராது. கண்ணே குழிக்குள் இறங்கும், தோல் மடிப்பு ஒன்று வந்து மேலே மூடும், மறுபடி கண் எழும்பும்.

அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த மீன்களை வேகக் கேமராவில் படமெடுத்து 2023-ல் வெளியிட்டார்கள். காற்றில் கண் காயக் காய அவை அதிகமாகக் கொட்டின. கண்ணில் தூசி பட்டால் கொட்டித் துடைத்தன. ஏதாவது எதிரே வந்தால் காத்துக்கொள்ளக் கொட்டின. நம் இமையும் இந்த மூன்றையும்தான் செய்கிறது. அவற்றுக்குக் கண்ணீர்ச் சுரப்பிகூடக் கிடையாது, இருந்த தசைகளையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொண்டன. நம் மூதாதை உயிரினங்களுக்கும், நீரைவிட்டுக் கரையேறிய காலத்தில்தான் கண் கொட்டும் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த விடுமுறைக்குப் பிச்சாவரம் போனால் துடுப்புப் படகில் போ. மோட்டார் சத்தத்துக்கு அவை சேற்றுக்குள் போய்விடும். நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்து, கரை ஓரம் அசையாமல் உட்கார்ந்து, ஒரே மீனை ஐந்து நிமிடம் விடாமல் பார். ஈரச் சேற்றில் இருக்கும்போது எத்தனை, வெயிலில் காய்ந்த மேட்டில் இருக்கும்போது எத்தனை என்று தனித்தனியாகக் குறித்துக்கொள். எண்ணிக்கையை எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.